தற்காப்புக்குத் துப்பாக்கியா? தோட்டம் முதல் கல்லூரி வளாகம் வரை ஒரு பழைய கேள்வி

உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் ஒருவர் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாமா? அவர் கல்லூரி மாணவராக இருந்தால் விடை மாறுமா? சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் இன்று இதைக் கேட்டால் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். நீலாய்க்கும் சிரம்பானுக்கும் உயர்கல்விக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டணத்தைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். துப்பாக்கி அவர்கள் நினைப்பிலேயே இல்லை. மலேசியச் சட்டம் இந்தக் கேள்விக்கு எப்போதோ "கூடாது" என்று பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பதில் எளிதில் வந்துவிடவில்லை. இதே நாட்டின் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் சிலர் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடினார்கள். வேறு சிலர் துப்பாக்கி வைத்திருந்த ஒரே குற்றத்துக்காகத் தூக்கு மேடை ஏறினார்கள். அதே கேள்விக்கு அமெரிக்காவின் பல மாநிலங்கள் "கூடும்" என்று விடை கண்டு, கல்லூரி வகுப்பறை வரை துப்பாக்கியை அனுமதித்திருக்கின்றன. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை நான்காகப் பிரிக்கலாம். தகுதியுள்ளவர் கையில் மட்டும் ஆயுதம், அரசைத் தவிர எவர் கையிலும் ஆயுதம் கூடாது, கூட்டாகக் காவல், தனிமனிதரின் உரிமை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே வலுவிழக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை: தகுதியுள்ளவர் கையில் மட்டும்

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத் துரைமார் ஆயுதம் தாங்கியே வேலைக்குப் போனார்கள். துரை பங்களாவைச் சுற்றி முள்கம்பி எழுந்தது. கவச வண்டிகள் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடின. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரம் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

பால் வெட்டிய தமிழர்களின் நிலை வேறு. விடியுமுன் மரத்தடிக்குத் தனியாகப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். காட்டிலிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள் அரிசியும் சந்தாவும் கேட்டார்கள். கொடுத்தால் இராணுவத்தின் சந்தேகம், கொடுக்காவிட்டால் காட்டின் கோபம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சீனப் புறம்போக்குக் குடியேறிகள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதுபோல, தோட்டத் தொழிலாளர்களும் பல இடங்களில் ஒரே லயத்தொகுதிக்குள் கூட்டப்பட்டு, வேலியிடப்பட்டனர். மிகுந்த ஆபத்தில் இருந்தவர்களுக்கு வேலி கிடைத்தது. ஆயுதம் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

இந்த விடைக்கு அவசரகாலத்தைவிட நீண்ட வேர் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. யாரை நம்பலாம் என்ற கேள்விக்குப் பேரரசு இனத்தை வைத்து விடை சொன்னது. அப்பட்டமான இந்த இன அளவுகோல் இன்று எங்கும் ஏற்கப்படுவதில்லை. ஆனால் "பொறுப்பானவர்களுக்கு மட்டும் உரிமம்" என்ற கொள்கை உரிமமுறை உள்ள எல்லா நாடுகளிலும் உயிரோடு இருக்கிறது. பொறுப்பு என்பதைப் பணத்தாலும் பதவியாலும் அளந்துவிடும் அபாயமும் அதோடு சேர்ந்தே வருகிறது.

ஆயுதம் தாங்கியவர் உண்மையிலேயே பாதுகாப்பாக இருந்தாரா? துப்பாக்கி இருந்ததால் தாக்குப்பிடித்த தோட்டங்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. மறுபுறம், காவல் வண்டிகளோடு பயணம் செய்த உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைச் சாலையில் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். எதிரி நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளும்போது இடுப்பிலுள்ள ஆயுதத்தின் மதிப்பு குறைகிறது. அதோடு, கொல்லப்பட்டவரின் துப்பாக்கி தாக்கியவரின் கைக்குப் போய்விடும் என்பதும் அக்காலம் கற்றுத்தந்த பாடம்.

இரண்டாம் விடை: அரசைத் தவிர எவர் கையிலும் கூடாது

அவசரகால விதிகள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. சுட வேண்டியதில்லை, மிரட்டவும் வேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும். அந்த ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

தமிழர் நினைவில் இந்தச் சட்டத்தோடு சேர்ந்து நிற்கும் பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர் 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கியுடனும் தோட்டாக்களுடனும் பிடிபட்டார். கண்டெடுத்த ஆயுதத்தை ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசின் கருணை வேண்டுகோளும் பலிக்காமல், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவரை விடுதலைப் போராளி என்பாரும் உண்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் ஓர் அங்கம் என்பாரும் உண்டு. அந்த வழக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறாது: கையில் ஆயுதம் இருந்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழர் மீதும் துப்பாக்கி ஏந்தியதாகவும் தோட்டா வைத்திருந்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டது. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு குற்றச்சாட்டில் கிடைத்த விடுதலை பின்வரும் விசாரணையையும் கட்டுப்படுத்தும் என்ற அந்த முடிவு, காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் பல காலம் மேற்கோள் காட்டப்பட்டது. கடுமையான சட்டத்தின்கீழ் ஒருவர் பிழைப்பதும் சாவதும் வழக்கின் நுணுக்கங்களில் தொங்கியதற்கு இவ்விரு வழக்குகளும் சான்று.

அவசரகாலம் முடிந்தும் அதன் மனப்பாங்கு சட்டத்தில் தங்கிவிட்டது. 1960-இன் ஆயுதச் சட்டம் உரிமம் வழங்கும் அதிகாரத்தைக் காவல்துறையிடம் வைத்தது. அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றிச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்றது. 1977-இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அப்பிரிவின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிப்பு வாரியத்தால் குறைக்கப்பட்டது. 1971-இன் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொள்ளை போன்ற குற்றங்களின்போது கொல்லும் நோக்கிலோ காயப்படுத்தும் நோக்கிலோ சுட்டால் மரணம் என்றிருந்தது. 2012-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. 2023-இல் கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டு, தண்டனையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் வந்தது.

இந்த விடையின் வலு வெளிப்படையானது. மலேசியாவில் துப்பாக்கிச் சாவு அரிது. அமெரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவு அரிது. ஆனால் அதற்கு முழுக் காரணமும் தண்டனையின் கடுமைதான் என்று சொல்ல ஆதாரம் போதாது. புழக்கத்தில் துப்பாக்கிகள் குறைவாக இருப்பது, உரிமமுறையின் இறுக்கம் ஆகியவற்றின் பங்கைத் தனியே பிரித்து அளப்பது கடினம். மேலும், அச்சத்தால் ஆயுதம் வைத்திருப்பவரையும் கொள்ளைக்காக வைத்திருப்பவரையும் இத்தகைய சட்டம் எளிதில் வேறுபடுத்துவதில்லை.

மூன்றாம் விடை: கூட்டாகக் காவல்

தனி ஒருவர் ஆயுதம் தாங்குவதற்கும் அரசு மட்டுமே தாங்குவதற்கும் இடையில் மூன்றாவது வழியொன்று தோட்டங்களிலேயே தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை அதன் தமிழ் வடிவம். கள்ளுக்கடையை எதிர்த்தும் தோட்டத்தில் ஒழுங்கு வேண்டியும் இளைஞர்கள் அணிவகுத்தார்கள். சிலம்பக் கோல்தான் அவர்கள் ஆயுதம். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு ஏற்பட்ட மோதலுக்குப் பின் அரசு அதை ஒடுக்கியது. துப்பாக்கியே இல்லாத தற்காப்பு அமைப்பையும் அதிகாரம் அச்சத்தோடு பார்த்தது என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

அரசு தானே அமைத்த கூட்டுக் காவல் வேறு வகை. அவசரகாலத்தில் உருவான ஊர்க்காவல் படை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முதலில் தயங்கிய அரசு, ஜெரால்ட் டெம்ப்ளர் உயர் ஆணையராக இருந்தபோது சீனப் புதுக்கிராம மக்களிடமும் ஆயுதத்தை ஒப்படைத்தது. நம்பி ஆயுதம் கொடுப்பது மக்களை அரசின் பக்கம் இழுக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. 1972-இல் தொடங்கிய ரேலா தொண்டர் படை இந்த மரபின் தொடர்ச்சி. அதன் அதிகாரங்களைப் பற்றி, குறிப்பாகக் குடியேறிகளைப் பிடிக்கும் நடவடிக்கைகளில், மனித உரிமை அமைப்புகள் கடும் விமரிசனம் வைத்தன. 2012-இல் வந்த புதிய சட்டம் அந்த அதிகாரங்களைச் சுருக்கியது.

கூட்டுக் காவலின் நன்மை, ஆயுதம் எண்ணப்பட்டு, பூட்டப்பட்டு, பயிற்சியோடு வெளியே வருவது. பலவீனம், கூட்டத்துக்குள் யார், வெளியே யார் என்ற பழைய கேள்வி மறுபடி எழுவது. ஊர்க் காவல் எந்த நேரத்தில் ஊர்ச் சண்டியராக மாறும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

நான்காம் விடை: தனிமனிதரின் உரிமை

கல்லூரி வளாகத்துக்குள் துப்பாக்கி என்ற வாதம் முழு வடிவம் பெற்றது அமெரிக்காவில். அதற்கு வேகம் கொடுத்த நிகழ்வில் ஒரு தமிழரின் உயிரும் போனது. 2007 ஏப்ரல் 16 அன்று வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் அருகே பிறந்து, நீரியல் துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே அவர் கொல்லப்பட்டார்.

வளாகத்தில் மாணவர்கள் துப்பாக்கி எடுத்துவர அன்றைய பல்கலைக்கழக விதி அனுமதிக்கவில்லை. ஒரே ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் சாவு குறைந்திருக்கும் என்ற குரல் அடுத்த நாளே எழுந்தது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை கேட்டு மாணவர் இயக்கமும் அதே ஆண்டில் உருவானது. அவர்களின் வாதங்கள் மூன்று. கொலைகாரன் தடைப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் தாக்குதலுக்குக் காவல்துறை வந்து சேர்வதில்லை. கடைத்தெருவில் உரிமத்தோடு துப்பாக்கி எடுத்துச் செல்லும் 21 வயதுக்காரர், கல்லூரி வாசலைத் தாண்டியதும் நம்பத்தகாதவர் ஆகிவிடுவதில்லை.

யூட்டா மாநிலம் 2004-இலேயே வளாகத்தில் துப்பாக்கியை அனுமதிக்கும் சட்டம் இயற்றியிருந்தது. எதிர்த்த பல்கலைக்கழகம் 2006-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. டெக்சாஸ் சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மாநிலத்தின் ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவர் பலரைச் சுட்டுக் கொன்று சரியாக 50 ஆண்டுகள் ஆன நாள் அது. வகுப்பில் சுதந்திரமாக விவாதிக்க முடியாமல் போகும் என்று வழக்குத் தொடுத்த பேராசிரியைகள் மூவர் 2018-இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதையும், 2022-இல் வெளியே எடுத்துச் செல்வதையும் தனிமனித உரிமையாக ஏற்றது. ஆனால் பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற இடங்களில் தடை விதிப்பது செல்லும் என்ற எண்ணத்தையும் 2008 தீர்ப்பிலேயே பதிவு செய்தது. கல்லூரி அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பது இன்னும் வழக்குக்குரிய விஷயம்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

ஆயுதம் தாங்கிய குடிமக்கள் குற்றத்தைக் குறைக்கிறார்கள் என்ற கருத்துக்குப் பொருளியலாளர் ஜான் லாட்டின் 1998 நூல் பெரும் செல்வாக்குத் தந்தது. 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகக் குழு அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ முடிவு கட்ட முடியாது என்றது. 2019-இல் ஜான் டோனஹ்யூவும் உடன் ஆய்வாளர்களும் புதிய முறையில் கணக்கிட்டு, எடுத்துச் செல்லும் உரிமை தந்த மாநிலங்களில் பத்தாண்டுகளில் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததாகக் கண்டனர். அண்மைக் காலச் சான்றுகள் லாட்டுக்கு எதிர்ப்பக்கமே சாய்கின்றன என்று சொல்லலாம்.

தற்காப்புக்காகத் துப்பாக்கி எத்தனை முறை பயன்படுகிறது என்பதிலும் பெரும் இடைவெளி உண்டு. 1995-இல் கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் ஆண்டுக்கு 25 லட்சம் முறை வரை என்றனர். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு தரும் எண்ணிக்கை அதில் மிகச் சிறு பங்கே. எதைத் தற்காப்பு என்று எண்ணுவது, எத்தனை பேரிடம் கேட்டு எத்தனை கோடி மக்களுக்குப் பெருக்குவது என்பதில்தான் தகராறு.

கல்லூரியைப் பொறுத்தவரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வளாகத் துப்பாக்கி பெருங்கொலைகளைத் தடுப்பதைவிடச் சச்சரவு, விபத்து, தற்கொலை ஆகியவற்றைக் கூட்டவே வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிட்டது. மதுவும் மனச்சோர்வும் கலந்த இளம்பருவத்தில் தற்கொலை பற்றிய பகுதியே மிக வலுவானது. துப்பாக்கியால் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வேறு வழிகளில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

தனி நிகழ்வுகள் இரு தரப்புக்கும் தீனி போடுகின்றன. 2002-இல் வெர்ஜீனியாவின் ஒரு சட்டக் கல்லூரியில் மூவரைக் கொன்றவரை மடக்கிய மாணவர்களில் இருவர் தங்கள் வண்டியிலிருந்து துப்பாக்கி எடுத்து வந்திருந்தார்கள். அவன் சரணடைந்தது அதைக் கண்டா, தோட்டா தீர்ந்ததாலா என்பதில் சாட்சிகள் வேறுபட்டனர். 2015-இல் ஒரிகன் மாநிலக் கல்லூரி ஒன்றில் ஒன்பது பேர் கொல்லப்பட்டபோது, வளாகத்தில் துப்பாக்கியோடு இருந்த முன்னாள் படைவீரர் குறுக்கிடவில்லை. போலீஸ் தன்னையே கொலைகாரன் என்று எண்ணிச் சுட்டுவிடலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஐடஹோவில் அனுமதி வந்த சில வாரங்களிலேயே ஓர் உதவிப் பேராசிரியரின் கால்சட்டைப் பையிலிருந்த துப்பாக்கி வகுப்பில் வெடித்து அவர் காலையே துளைத்தது.

மலேசியாவுக்கு இந்த வாதம் பொருந்துமா

ஆயுதம் வேண்டும் என்ற குரல் இங்கும் அவ்வப்போது எழுவதுண்டு. 2013 அதற்கு ஏற்ற ஆண்டாக இருந்தது. அவ்வாண்டு ஜூலையில், குற்றக் கண்காணிப்பு அமைப்பொன்றின் தலைவரான ஆர். ஸ்ரீ சஞ்சீவன் நெகிரி செம்பிலானின் பகாவ் நகரில் போக்குவரத்துச் சமிக்ஞை விளக்கருகே சுடப்பட்டு உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்துக் கோலாலம்பூரில் வங்கியாளர் ஹுசேன் நஜாடி சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின் பதில் குடிமக்களுக்கு ஆயுதம் தருவதாக இருக்கவில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தைக் குற்றத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் வழி மீட்டுக்கொள்வதாக இருந்தது. அவ்வாண்டே உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலில் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர் என்ற செய்தி, தோட்டம் விட்டு நகர்ப்புறத்துக்குத் தள்ளப்பட்ட தலைமுறையைப் பற்றிய பெருங்கவலையைக் கிளப்பியது. அச்சத்துக்கு ஆளானவரும் அச்சத்தை உண்டாக்கியவரும் பல வேளைகளில் ஒரே தாமானில், ஒரே அடுக்குமாடியில் வாழ்பவர்கள். அங்கே தற்காப்புத் துப்பாக்கியும் கும்பல் துப்பாக்கியும் கைமாற அதிக நாள் பிடிக்காது.

பயிற்சி பெற்றவர் கையிலுள்ள ஆயுதமும் பறிபோகலாம் என்பதை 2024 மே மாதம் ஜொகூர் உலு திராம் காவல் நிலையத் தாக்குதல் காட்டியது. பாராங்கோடு வந்தவன் ஒரு காவலரை வெட்டி, அவருடைய ஆயுதத்தாலேயே இன்னொருவரைச் சுட்டான். 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவிலுள்ள இடைநிலைப் பள்ளியில் 14 வயது மாணவன் 16 வயது மாணவியைக் கத்தியால் குத்திக் கொன்றது நாட்டையே உலுக்கியது. கல்விக்கூடம் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. அதே வேளையில், அவன் கையில் துப்பாக்கி அகப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற எண்ணமும் தவிர்க்க முடியாதது.

சட்டம் தற்காப்பையே மறுக்கவில்லை. மெக்காலேயின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையை விரிவாகவே தருகின்றன. உயிரச்சம் நியாயமானதாக இருந்தால் தாக்கியவரின் மரணம் வரைகூட அந்த உரிமை நீளும். அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பவை 99-ஆம் பிரிவின் எல்லைகள். உரிமை தரும் சட்டம், அதற்கான கருவியை முன்கூட்டியே தாங்கி நடப்பதை மட்டும் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பது உண்மை. காவல் நிலையம் தொலைவிலுள்ள தோட்டத்தில் இருப்பவருக்கு அந்த இடைவெளி இன்னும் அகலம்.

தீர்ந்ததும் தீராததும்

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சொன்னால், கல்லூரி வளாகத்துக்குள் கைத்துப்பாக்கியை அனுமதிப்பது மாணவர்களைப் பாதுகாக்கும் என்ற கூற்று நிறுவப்படவில்லை. எதிர்த்திசைச் சான்றே கனமானது. துப்பாக்கிகள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் புழங்கும் நாட்டில் பிறந்த வாதத்தை, அவை அரிதான நாட்டுக்கு அப்படியே கொண்டுவருவதற்குக் காரணம் இன்னும் பலவீனமானது. அந்த அளவில் மலேசியாவின் "கூடாது" நியாயமான விடையே.

தீராதவை மூன்று. தண்டனையின் கடுமை எவ்வளவு, துப்பாக்கியின் அருமை எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் உள்நாட்டு ஆய்வு நமக்குத் தேவை. உரிமம் பெறுவோர் யார், எந்த அளவுகோலில் பெறுகிறார்கள் என்பது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். துரைக்கு ஒரு நீதி, பால் மரத்தடியில் நிற்பவருக்கு வேறு நீதி என்றிருந்த நாட்டில் இந்த ஐயம் எழுவது இயல்பு. மூன்றாவதே மிக முக்கியமானது. குடிமகனிடம் ஆயுதம் வேண்டாம் என்று சொல்லும் அரசு, அவர் அழைத்தால் உரிய நேரத்தில் வந்து சேரும் கடமையைத் தானே ஏற்கிறது. அந்தக் கடமை நகரத்து வளாகத்தில் எவ்வளவு நிறைவேறுகிறது, தோட்டத்துக் கடைசி லயத்தில் எவ்வளவு நிறைவேறுகிறது என்பதை அளந்து வெளியிடும் பொறுப்பும் அரசையே சேரும். தடை நியாயமாகத் தொடர வேண்டுமானால் அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.